மருந்துச் செடியின் வேருக்குள் என்ன பூஞ்சை? நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மூலிகை நடப்போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் 'வேம் வாங்கிப் போடுங்க' என்ற யோசனை வந்துவிடும். வேம் என்பது வேர்ப்பூஞ்சை கலந்த உயிர் உரம். நல்ல பொருள்தான். ஆனால் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையை யாரும் சொல்வதில்லை. உங்கள் கொல்லையில் இப்போது நிற்கிற செடியின் வேரை எடுத்துப் பாருங்கள். ராகியும் மொச்சையும் துவரையும் விளைந்து வந்த மண்ணில் அந்தப் பூஞ்சை ஏற்கெனவே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த பிறகு பாக்கெட்டுக்குக் காசு கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. பேனா மை, வினிகர், ஒரே ஒரு கடுமையான ரசாயனம், பள்ளிக்கூடத்தில் இருக்கிற மாதிரி ஒரு மைக்ராஸ்கோப், இரண்டு நாள் பொறுமை. தாவரவியல் படிக்கிற மாணவர்கள், ஊர்ப் பள்ளி ஆசிரியர்கள், அரை ஏக்கரில் நிலவேம்போ மருந்துக்கூர்க்கனோ போட்டிருப்பவர்கள், எல்லோரும் செய்யலாம்.

உள்ளே இருப்பவை யாவை

ஆரோக்கியமான வேருக்குள் வாழும் பூஞ்சைகளை, ஆரம்பிப்பவர்களின் வசதிக்காக, மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, ஆர்பஸ்குலார் வேர்ப்பூஞ்சை. வேம் பாக்கெட்டில் இருப்பது இதுதான். நிலத்தில் வாழும் செடிகளில் ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் இதோடு கூட்டு வைத்திருக்கின்றன. ஸ்காட்லாந்தில் கிடைத்த 40 கோடி ஆண்டுப் பழைய தாவரப் புதைபடிவங்களிலேயே இதன் தடயம் இருக்கிறது. செடி தான் தயாரித்த சர்க்கரையையும் கொழுப்பையும் கொடுக்கிறது. பூஞ்சை மண்ணிலிருந்து மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கொண்டுவந்து கொடுக்கிறது. நம் செம்மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேர்த்தூவி எட்டுவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். பூஞ்சை இழை பல சென்டிமீட்டர் தாண்டிப் போகும். இந்த மண்ணில் இந்தப் பூஞ்சைக்கு மதிப்பு அதிகம் என்பதற்கு இதுவே காரணம். உயிருள்ள வேர் இல்லாமல் இது வளராது. இதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது, கரும் இழைப் பூஞ்சைகள். பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில், குறுக்குச் சுவர்களோடு இருக்கும். வறண்ட, சத்துக் குறைந்த நிலங்களில் அடிக்கடி தென்படும். செடிக்கு நல்லதா கெட்டதா என்று ஒரே பதில் சொல்ல முடியாத ஆட்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மருத்துவ, நறுமணச் செடிகளின் வேர்களில் முதல் இரண்டு வகையும் இருப்பதை 2006இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

மூன்றாவது, மற்ற உள்வாழ் பூஞ்சைகள். செடிக்கு நோய் உண்டாக்காமல் திசுவுக்குள் இருந்துகொண்டிருக்கும் பலவகைப் பூஞ்சைகள். இவற்றில் பல, ஆய்வகத் தட்டில் ஊடகம் என்ற ஊட்டக்கூழை ஊற்றி வைத்தால் வளரும். 1993இல் பசிபிக் யூ மரத்தின் உட்பட்டையில் இருந்த ஒரு பூஞ்சை, அந்த மரத்தின் புற்றுநோய் மருந்தான டாக்சாலைத் தானும் சிறிதளவு உண்டாக்குவதாக அறிவிப்பு வந்தது. மருந்துச் செடிகளின் பூஞ்சைகளை உலகமே தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஆனால் அந்த வகைத் தேடல் இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே. தட்டில் வளர்ப்பது பற்றிப் பிற்பாடு கொஞ்சம் சொல்கிறேன். பெரும்பகுதி முதல் வகையைப் பற்றித்தான்.

எந்தச் செடியில் ஆரம்பிப்பது

மெல்லிய, வெளிர் நிற வேருள்ள செடியில் ஆரம்பியுங்கள். துளசி, நிலவேம்பு, கீழாநெல்லி, தூதுவளை நல்ல தேர்வு. ஆடாதோடை, நன்னாரி, சிறுகுறிஞ்சான் போன்றவற்றின் வேரில் நிறமும் பீனால்களும் அதிகம். வெளுக்கவே நேரம் பிடிக்கும். இரண்டாம் சுற்றில் எடுத்துக்கொள்ளலாம்.

கீழாநெல்லி என்று நினைத்து எடுப்பது அதன் சொந்தக்காரச் செடியாகவும் இருக்கலாம். பார்வைக்கு ஒரே மாதிரி நாலைந்து இனங்கள் வரப்பில் சேர்ந்தே முளைக்கும். அதனால் பூவோ காயோ உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்துச் சேமியுங்கள். பிறகு யாரிடமாவது காட்டிப் பெயரை உறுதி செய்துகொள்ளலாம். பெயர் தவறினால் மீதி எல்லாமே வீண்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் இரண்டு செடி கட்டாயம் வேண்டும். ஒன்று, பூஞ்சை நிச்சயம் இருக்கக்கூடியது. ராகி, சோளம், வெங்காயம், எதுவானாலும் சரி. மற்றொன்று, பூஞ்சை இருக்கவே கூடாதது. அதற்குக் கடுகு. கடுகுக் குடும்பம் இந்தப் பூஞ்சையோடு கூட்டு வைப்பதில்லை. ராகிக் கொல்லையில் கடுகும் அவரையும் வரிசை விட்டுப் போடும் வழக்கம் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னும் இருக்கிறது. அப்படி ஒரு கொல்லை கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். ஒரே மண்ணில் இரண்டும் கிடைத்துவிடும். கடுகு வேரிலும் நீல நிறமாக ஏதேதோ தெரிந்தால் உங்கள் சாயம் ஏற்றுவதில் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். கீரை வகைகளும் பெரும்பாலும் கடுகு மாதிரிதான். தண்டுக்கீரைக் குடும்பத்தைச் சேர்ந்த நாயுருவியில் பூஞ்சை இல்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

காட்டுக்குப் போக வேண்டுமா? ஆரம்பத்தில் தேவையே இல்லை. சித்தேரி, வத்தல்மலை, மேலகிரி என்று மூலிகை நிறைந்த மலைகள் இங்கே உண்டு. ஆனால் காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு செடியையும் பிடுங்கக் கூடாது. 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று இரண்டு வன உயிரினச் சரணாலயங்கள் இந்த மாவட்டங்களில் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே விதிகள் இன்னும் கடுமை. மாகாளிக்கிழங்கு போன்றவை ஏற்கெனவே கிழங்குக்காகத் தோண்டித் தோண்டி அருகிப்போய்விட்டன. அதன் வேரைப் பார்க்க ஆசை இருந்தால் நாற்றாக வாங்கித் தொட்டியில் வளர்த்துப் பாருங்கள். வரப்பிலும் வீட்டுக் கொல்லைப்புறத்திலும் கிடைப்பதே ஒரு வருடத்துக்குப் போதும்.

வேரை எடுக்கும் விதம்

இங்கேதான் பலரும் சறுக்குவார்கள், ஏனென்றால் மருந்துக்கு எடுக்கும் வேர் வேறு, பூஞ்சை இருக்கும் வேர் வேறு. நன்னாரியில் மணக்கும் தடித்த வேர், தண்ணீர்விட்டானில் கொத்துக் கொத்தான கிழங்கு, மருந்துக்கூர்க்கனில் ஊறுகாய்க்குப் போடுவது போலிருக்கும் கிழங்கு, அமுக்கராவின் முளைக்குச்சி மாதிரியான ஆணிவேர். இவற்றில் பூஞ்சையைத் தேடிப் பயன் இல்லை. அவற்றிலிருந்து பிரிந்து, நூலைவிடச் சன்னமாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் ஓடும் ஊட்டு வேர்கள்தான் நமக்கு வேண்டும். சந்தையில் வாங்கிய காய்ந்த மூலிகை வேரில் ஒன்றும் கிடைக்காமல் போவது அதனால்தான்.

காலம்: மழை பெய்து செடி நன்றாகத் துளிர்த்து வளரும்போது. நம் பக்கம் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் வருவதால் ஜூலையிலிருந்து நவம்பர் வரை நல்ல வாய்ப்பு. பூக்கத் தொடங்கும் தருணம் மிக நல்லது. ஏப்ரல் வெயிலில் தோண்டினால் ஊட்டு வேரே இருக்காது. இருந்தாலும் உள்ளே பூஞ்சையின் சேமிப்புப் பைகளும் வித்துகளும்தான் தெரியும்.

செடியைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் ஆணிவேர் கையோடு வரும், நமக்கு வேண்டியது மண்ணிலேயே அறுந்து நிற்கும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் களைக்கொத்தால் வட்டமாகக் கொத்தி, மண் கட்டியோடு தூக்குங்கள். மேல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும் வேர் போதும். அந்தக் கட்டியை வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டால் மண் தானாகக் கரைந்து விழும். பிறகு தண்டின் அடியிலிருந்து ஆரம்பித்து, வேரைத் தொடர்ந்துகொண்டே நுனி வரை போய், அதன் கிளை வேர்களை மட்டும் கத்தரியுங்கள். தனியாக மிதக்கும் வேரை எடுக்கவே கூடாது. பக்கத்து அருகம்புல்லின் வேர் எல்லா இடத்திலும் ஊடுருவியிருக்கும். புல் வேரில் பூஞ்சையைப் பார்த்துவிட்டு 'நிலவேம்பில் 80 சதவீதம்' என்று எழுதுபவர்கள் உண்டு.

ஒரு செடிக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வேர் போதும். ஓர் இனத்துக்குக் குறைந்தது மூன்று செடி, முடிந்தால் ஐந்து. அன்றே செய்ய முடியாவிட்டால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து அதில் போட்டு மூடி வையுங்கள். வாரக்கணக்கில் கெடாது. பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே போடுங்கள். பேனா எழுத்து ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

வேரை வெளுப்பது

வேருக்குள் செல்லின் உட்பொருள் நிறைந்திருக்கும் வரை பூஞ்சை தெரியாது. அதைக் கரைத்து, வேரைக் கண்ணாடி போல ஆக்க வேண்டும். அதற்குத்தான் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. சேலத்திலோ ஓசூரிலோ ஆய்வக ரசாயனக் கடையில் கிடைக்கும். வீட்டில் தனியாகச் செய்யாமல், முடிந்தவரை பள்ளி அல்லது கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியர் துணையோடு செய்யுங்கள். இது தோலையும் கண்ணையும் அரிக்கும் பொருள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். தண்ணீரில்தான் வில்லைகளைப் போட வேண்டும். வில்லைகளின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். உடம்பில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இன்னொன்று, அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. அதோடு வினைபுரிந்து தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவை விடும், பாத்திரமும் ஓட்டையாகும்.

100 மில்லி தண்ணீருக்கு 10 கிராம் வில்லை. ஆறியதும், ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிய வேரைச் சூடு தாங்கும் கண்ணாடிப் புட்டியில் போட்டு, மூழ்கும் அளவு கரைசல் ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து, தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் பாத்திரத்துக்குள் புட்டியை நிறுத்திச் சூடாக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைக்க வேண்டாம். தண்ணீர் கொதிக்காமல் 90 டிகிரி அளவில் நின்றால் போதும். பாத்திரம் இந்த வேலைக்கென்றே தனியாக இருக்கட்டும், மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது.

எவ்வளவு நேரம்? துளசிக்கும் கீழாநெல்லிக்கும் 15 முதல் 30 நிமிடம். நிலவேம்புக்கு அரைமணிக்கு மேல் ஆகலாம். ஆடாதோடைக்கு ஒரு மணி நேரமும் தாண்டும். கடிகாரத்தைவிடக் கண்ணை நம்புங்கள். கரைசல் தேநீர் நிறமானால் அதை வேறு புட்டியில் வடித்து வைத்துவிட்டுப் புதிதாக ஊற்றலாம். வேர் வெளிர் மஞ்சளாகி, ஊடே வெளிச்சம் தெரிந்தால் சரி. தொட்டால் கூழாகிறது என்றால் நேரம் மிஞ்சிவிட்டது. அவசரம் இல்லாதவர்கள் சூடே இல்லாமல் ஓரிரு நாள் அதே கரைசலில் ஊறவிடலாம். மெல்லிய வேர்களுக்கு எனக்குப் பிடித்தது இந்த வழிதான், வேர் உடையாமல் வரும்.

இதற்குப் பிறகும் பழுப்பு போகாத வேர்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல். சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம். 10 நிமிடத்திலிருந்து அரைமணி வரை பார்த்துப் பார்த்து வெளுக்கலாம். கரும் இழைப் பூஞ்சையையும் பார்க்க நினைத்தால் கொஞ்சம் வேரைப் பெராக்சைடு படாமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அதன் இயற்கையான பழுப்புதான் அதற்கு அடையாளம், அதையே வெளுத்துவிட்டால் என்னத்தைப் பார்ப்பது?

முடிந்ததும் டீ வடிகட்டியில் வேரைக் கொட்டி, நாலைந்து முறை தண்ணீர் மாற்றி அலசுங்கள். வழவழப்பு முழுக்கப் போக வேண்டும். பயன்படுத்திய கரைசலை நிறையத் தண்ணீர் சேர்த்து, வினிகரால் மட்டுப்படுத்திய பிறகே கீழே ஊற்றுங்கள்.

மையும் வினிகரும்

1970இல் வெளியான பிலிப்ஸ், ஹேமன் முறைப்படி கல்லூரிகளில் ட்ரிப்பான் புளூ என்ற சாயத்தைப் பயன்படுத்துவார்கள். படம் தெளிவாக வரும், மறுக்கவில்லை. ஆனால் அது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள். 1998இல் ஹோர்ஸ்ட் ஃபீர்ஹைலிக்கும் உடன் ஆய்வாளர்களும் பேனா மையையும் வினிகரையும் வைத்தே அதே வேலையைச் செய்யலாம் என்று காட்டினார்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இதைவிட்டு வேறெங்கும் போக வேண்டாம்.

மளிகைக் கடை வெள்ளை வினிகர் 95 மில்லி, பேனா மை 5 மில்லி. எல்லா மையும் ஒட்டாது. பார்க்கர் குயிங்க், ஷேஃபர், பெலிக்கன் மைகளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். வேறு மை என்றால் முதலில் ராகி வேரில் சோதித்துப் பாருங்கள். அலசிய வேரை வெறும் வினிகரில் சில நிமிடம் போட்டுவையுங்கள். காரத்தின் மிச்சம் இருந்தால் மை பிடிக்காது. பிறகு மைக்கரைசலில் போட்டு, கொதிநிலைக்குப் பக்கத்தில் மூன்று நிமிடம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வினிகர் ஆவி மூக்கில் ஏறும்.

வெளியே எடுத்ததும் வேர் முழுக்கக் கருநீலமாக இருக்கும். பயப்பட வேண்டாம். சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் 20 நிமிடம் போட்டால் வேரிலிருந்து அதிகப்படி மை இறங்கும், பூஞ்சையில் தங்கும். இன்னும் அடர்த்தியாக இருந்தால் தண்ணீரை மாற்றி ராத்திரி முழுக்க விடலாம். நம் மாவட்டங்களின் போர் தண்ணீர் பல ஊர்களில் கடினமாக இருக்கிறது. கேன் தண்ணீர் பயன்படுத்தினால் நல்லது, இல்லையென்றால் வினிகரைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்.

ஸ்லைடில் ஒரு சொட்டு கிளிசரின், ஒரு சொட்டு தண்ணீர். அதன் மேல் பத்து வேர்த்துண்டுகளை ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கி, கவர் ஸ்லிப் போட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் மெதுவாக அழுத்துங்கள். வேர் தட்டையாகப் பரவ வேண்டும். நசுங்கிச் சிதறினால் வேறு துண்டு போடுங்கள்.

எதைப் பார்க்கிறீர்கள்

குறைந்த பெருக்கத்தில் ஆரம்பித்து, நீலம் தெரியும் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு 100 மடங்கு, 400 மடங்கு என்று ஏறுங்கள். காகித மைக்ராஸ்கோப்பான ஃபோல்ட்ஸ்கோப் 140 மடங்கு காட்டும். பைகளையும் இழைகளையும் பார்க்க அதுவே போதும்.

இழைகள் வேரின் நீளவாக்கில், செல்களுக்கு நடுவே, நீலக் கோடுகளாக ஓடும். சீரான கோடாக இருக்காது. ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, வளைந்து போகும். குறுக்குச் சுவர் பெரும்பாலும் இருக்காது. இதுதான் முக்கியமான அடையாளம்.

பைகள் உருண்டையாக அல்லது நீள்வட்டமாக, இழையின் நுனியிலோ நடுவிலோ உப்பி நிற்கும். உள்ளே கொழுப்புச் சேமிப்பு. முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் இவைதான்.

ஆர்பஸ்க்யூல்கள் செல்லுக்குள்ளேயே இருக்கும். இழை உள்ளே நுழைந்து, திரும்பத் திரும்பக் கிளைத்து, மிகச் சன்னமான மரம் போல விரியும். கொடுக்கல் வாங்கல் நடப்பது இங்கேதான். ஆயுள் சில நாட்கள்தான், அதிகம் போனால் இரண்டு வாரம். அதற்குள் செடியின் செல்லே அதைக் கரைத்துவிடும். அதனால் முதிர்ந்த வேரில் இவை தென்படாமல் போவது சகஜம். இளம் வேரில் தேடுங்கள். 400 மடங்கில், நீலப் பஞ்சு அடைத்த மாதிரி ஒரு செல் தெரிந்தால் ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள், கிளைகள் பிரிந்து தெரியும்.

எல்லாச் செடியிலும் இந்த மரம் வராது. சில செடிகளில் இழை செல்லுக்குள் நுழைந்து சுருள் சுருளாகச் சுற்றிக்கொள்ளும். அடுத்தடுத்த செல்லிலும் அதே சுருள். இந்த இரண்டு அமைப்புகளையும் 1905இலேயே கால்லோ என்ற பிரெஞ்சுக்காரர் பிரித்து எழுதிவிட்டார். சுருள் வகையைப் பார்த்துவிட்டு 'ஆர்பஸ்க்யூலே இல்லை, இது வேறு பூஞ்சை' என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஏமாற்றக்கூடியவை நிறைய. வேர்த்தூவிகளும் மை பிடிக்கும். ஆனால் அவை வெளித்தோலிலிருந்து வெளியே நீட்டியிருக்கும், உள்ளே ஓடாது. வேரின் மையத்தில் சுருள் கம்பி போலத் தெரிவது நீர் கடத்தும் குழாய். தண்ணீர்விட்டான் போன்றவற்றில் ஊசி ஊசியாக மின்னுவது கால்சியம் ஆக்சலேட் படிகம். ஒழுங்கான குறுக்குச் சுவர் வைத்த மெல்லிய நீல இழை என்றால் அது வேறு பூஞ்சை, பெரும்பாலும் செத்த திசுவில் வந்து குடியேறியது. பழுப்பு நிறத்தில், குறுக்குச் சுவரோடு, சில செல்களுக்குள் சிறு கற்களைக் குவித்த மாதிரிக் கட்டிகளும் இருந்தால் அது கரும் இழைப் பூஞ்சை. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கே தெரியும் முடிச்சுகள் வேரில் இருந்தால் அது நம் பூஞ்சை அல்ல. ஆர்பஸ்குலார் பூஞ்சை வேரின் வெளித்தோற்றத்தில் எந்த மாற்றத்தையும் செய்யாது. துளசியிலும் மருந்துக்கூர்க்கனிலும் முடிச்சு என்றால் வேர்முடிச்சு நூற்புழுவைத்தான் சந்தேகிக்க வேண்டும். பூஞ்சை தேடப் போய் நூற்புழுவைக் கண்டுபிடித்தாலும் அது லாபம்தான், அடுத்த நடவுக்கு முன்னால் தெரிந்துவிட்டதே.

எண்ணுவது

'இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் போதாது. ஓர் இனத்துக்கு மூன்று ஸ்லைடு, ஸ்லைடுக்குப் பத்துத் துண்டு. 100 அல்லது 200 மடங்கில், ஸ்லைடின் குறுக்கே ஒரு கோட்டில் நகர்த்திக்கொண்டே போங்கள். பார்வையின் நடுக்கோடு ஒவ்வொரு வேரையும் வெட்டும் இடத்தில் என்ன இருக்கிறது என்று குறியுங்கள்: ஒன்றுமில்லை, இழை மட்டும், பை, ஆர்பஸ்க்யூல் அல்லது சுருள். ஒரு கோடு முடிந்ததும் கொஞ்சம் தள்ளி அடுத்த கோடு. குறைந்தது 100 வெட்டும் இடங்கள் சேர வேண்டும். 120 இடம் பார்த்து 78 இடத்தில் பூஞ்சை இருந்தால் 65 சதவீதம். கண் எதைத் தேடுகிறதோ அதுவே தெரியும் என்பதால், எந்த ஸ்லைடு எந்தச் செடி என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறு ஒருவரை எண் ஒட்டச் சொல்லுங்கள்.

இந்தச் சதவீதம் கூடினால் செடி கூடுதலாக விளையும் என்று அர்த்தம் இல்லை. பூஞ்சை வேரில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். நோட்டில் மண்ணின் வரலாற்றையும் எழுதுங்கள். கடைசியாக என்ன பயிர், டி.ஏ.பி. போட்டதா, பூஞ்சணக்கொல்லி ஊற்றியதா, எத்தனை உழவு. மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். அடிக்கடி உழுதால் மண்ணில் இழை வலை அறுபடும். உங்கள் எண் ஏன் குறைவு என்பதற்கான பதில் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

தட்டில் வளர்க்க ஆசைப்பட்டால்

இது வீட்டில் செய்யும் வேலை இல்லை. கிருமி நீக்கிய அறையும், நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவும் உள்ள கல்லூரி ஆய்வகம் வேண்டும். வேரின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதை 70 சதவீத எத்தனால், சோடியம் ஹைப்போகுளோரைட், மறுபடி எத்தனால் என்று வரிசையாக முக்கி நீக்கி, கிருமியற்ற நீரில் அலசி, உருளைக்கிழங்கு ஊடகத்தில் துண்டுகளை வைப்பார்கள். அலசிய துண்டை வெறும் ஊடகத்தில் ஒருமுறை ஒற்றி எடுத்து அதையும் வைத்துப் பார்ப்பது அவசியம். ஒற்றிய இடத்தில் ஏதாவது முளைத்தால் உங்கள் 'உள்வாழ்' பூஞ்சை உண்மையில் வெளியிலிருந்து வந்தது. வளர்ந்த தட்டைத் திறந்து முகராதீர்கள். ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சையின் வித்து நுரையீரலுக்கு ஆகாது.

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஸ்லைடில் பார்த்த ஆர்பஸ்குலார் பூஞ்சை தட்டில் ஒருநாளும் வராது. அதற்கு உயிருள்ள வேர் வேண்டும். தட்டில் வந்த ஃப்யூசேரியத்தையும் ட்ரைக்கோடெர்மாவையும் ஸ்லைடில் தேடினாலும் அடையாளம் தெரியாது. இரண்டும் ஒரே வேரின் இரண்டு தனிக் கணக்குகள். விதிவிலக்காக, தார்ப் பாலைவனத்தில் கண்டெடுத்து 1998இல் பெயரிடப்பட்ட பிரிஃபார்மோஸ்போரா இண்டிகா என்ற பூஞ்சை வேருக்குள்ளும் வாழும், தட்டிலும் வளரும். ஆனால் அது ஆர்பஸ்குலார் வகையே அல்ல.

அதை மருந்துக்கூர்க்கனில் சோதித்த ஓர் ஆய்வு 2012இல் வந்தது. செடியின் மேல்பகுதி செழித்தது, சீக்கிரம் பூத்தது, மணிச்சத்து கூடியது. வேர் மட்டும் தடிக்காமல் நார் நாராகப் பிரிந்தது. வேரின் எடை குறைந்ததால் அதிலுள்ள மருந்துப் பொருளான ஃபோர்ஸ்கோலினும் குறைந்தது. கூர்க்கனை நடுவதே அந்த வேருக்காகத்தான். பூஞ்சை செடியை வளர்க்கிறது என்று விற்பவர் சொன்னால், எந்தப் பகுதியை என்று கேளுங்கள்.

பார்த்தாயிற்று, அடுத்து

வேரில் பாதிக்கு மேல் பூஞ்சை இருந்தால், என் கணக்கில் பாக்கெட் வாங்கத் தேவையில்லை. டி.ஏ.பி.யை மண் பரிசோதனைப்படி மட்டும் போட்டு, உழவைக் குறைத்து, நடவுக்கு முன் ஒரு ராகியோ சோளமோ எடுத்தால் இருப்பது இன்னும் பெருகும். கடுகையோ முட்டைக்கோசையோ தனிப்பயிராக எடுத்த உடனே மூலிகை நடுவதைத் தவிர்க்கலாம்.

பத்து சதவீதத்துக்கும் கீழே என்றால், அல்லது கிருமி நீக்கிய கலவையில் நாற்று வளர்க்கிறீர்கள் என்றால், பூஞ்சையைக் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. கொடுக்க வேண்டிய இடம் நாற்றங்கால். வயலில் மேலே தூவி வீணாக்க வேண்டாம். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை நாற்றங்காலில் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்கும்போது மண்ணுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே, விதை அதற்கு மேலே. பாலிதீன் பை என்றால் பைக்கு 5 முதல் 10 கிராம். பாக்கெட்டில் தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் பாருங்கள். வெயிலில் காய்ந்த கடையில் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ, பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்கலாம்.

சொந்தமாகவும் தயாரிக்கலாம். மணலும் செம்மண்ணும் சம அளவு கலந்து, ஈரப்படுத்தி, ஏப்ரல், மே வெயிலில் கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் மூடி ஓரங்களை மண்ணால் அணைத்து நான்கிலிருந்து ஆறு வாரம் விடுங்கள். நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் சாகும். அந்தக் கலவையைத் தொட்டியில் போட்டு, பூஞ்சை நிறைய இருந்த செடியின் வேரடி மண்ணையும் நறுக்கிய ஊட்டு வேரையும் ஒரு கைப்பிடி கலந்து, சோளம் அல்லது வெங்காயம் விதையுங்கள். முடிச்சு இருந்த வேரை இதில் சேர்க்காதீர்கள், நூற்புழுவையும் சேர்த்து வளர்த்தமாதிரி ஆகிவிடும். மூன்று நான்கு மாதம் மணிச்சத்து உரம் எதுவும் இல்லாமல் வளர்த்து, கடைசி இரண்டு வாரம் தண்ணீரை நிறுத்துங்கள். செடி காயும்போது பூஞ்சை வித்து வைக்கும். மேலே வெட்டி எறிந்துவிட்டு, வேரை மண்ணோடு சேர்த்துக் கொத்தி நிழலில் உலர்த்தினால் அதுதான் உங்கள் வேம்.

நாற்றுப் பைகளில் பாதிக்கு இதை இட்டு, மீதிப் பாதிக்கு இடாமல், ஒரே இடத்தில் வைத்து வளர்த்துப் பாருங்கள். நடவுக்குப் போகும் முன் இரண்டு பக்கமும் மூன்று மூன்று நாற்றைப் பிடுங்கி, வேரை வெளுத்து, மை ஏற்றிப் பாருங்கள். இட்ட பக்கத்தில் பூஞ்சை வரவில்லை என்றால் அந்தத் தொட்டி மண்ணை வயலுக்குக் கொண்டுபோக வேண்டாம், புதிதாக ஒரு தொட்டி போடுங்கள்.